எட்செட்ரா என்றொரு டைரக்டரி

வீட்டுப் பத்திரம், நகை ரசீது, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கும் பெட்டியின் மேல் நீங்கள் என்ன எழுதி ஒட்டுவீர்கள்? 'முக்கியம்' என்று எழுதலாம். விவரமானவர்கள் ஒன்றுமே எழுதமாட்டார்கள். 'முதலியன' என்று எழுதி ஒட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் யூனிக்ஸ் எழுதியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

லினக்ஸ் கணினியோ, மேக் கணினியோ, வங்கியின் பின்னறையில் ஓடும் சர்வரோ, எதுவாக இருந்தாலும் அதற்குள் 'எட்சி' என்று ஒரு டைரக்டரி இருக்கும். (இப்போது ஃபோல்டர் என்கிறோமே, அதுதான். நான் பழைய ஆள், டைரக்டரி என்றே எழுதுகிறேன்.) இ, டி, சி என்று மூன்றே எழுத்து. அந்தக் கணினிக்குள் யார் வரலாம், எந்த வட்டு எங்கே பொருந்த வேண்டும், கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்ட வேண்டும், மின்னஞ்சல் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற அத்தனை செட்டிங்ஸும் அதற்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. பெயர், எட்செட்ரா என்பதன் சுருக்கம். வேறெங்கும் சேராத சாமான்களைப் போட்ட இடம். ஆரம்பத்தில் செட்டிங்ஸ் மட்டுமில்லை, நிர்வாகி மட்டும் ஓட்டும் புரோகிராம்களும் அங்கேதான் கிடந்தன. அவை அங்கிருந்து வேறிடத்துக்குக் குடிபெயர ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

சில கைடுகளில் இதற்கு 'எடிட்டபிள் டெக்ஸ்ட் கான்ஃபிகரேஷன்' என்று விரிவாக்கம் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்குவார்கள். பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த விரிவாக்கம் அது. எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு இந்த முறையை உருவாக்கியதுபோல ஒரு எண்ணத்தை அது கொடுத்துவிடுகிறது. நடந்தது வேறு.

1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வுக்கூடம் 'மல்டிக்ஸ்' என்ற பிரமாண்டமான திட்டத்திலிருந்து விலகியது. கையில் வேலையும் இல்லை, நல்ல கணினியும் இல்லை என்ற நிலையில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு பழைய பி.டி.பி.-7 இயந்திரத்தில் தங்களுக்காகவே ஒரு இயங்குதளம் எழுதினார்கள். அடுத்து ஒரு பி.டி.பி.-11 கிடைத்தது. அதன் அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். நினைவகம் 24 கிலோபைட், வட்டு 512 கிலோபைட். இன்று ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதில் அடங்காது. அந்த இயந்திரத்தை வாங்கித் தரச் சொல்வதற்கு அவர்கள் நிர்வாகத்திடம் சொன்ன காரணம், ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் வசதி செய்து தருகிறோம் என்பது. 1971இல் பெல் ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைத் துறைத் தட்டச்சர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? எழுத்தைத் திருத்துவது என்பதுதான் அந்த இயங்குதளத்துக்குச் சோறு போட்ட தொழில். 'ஈடி' என்ற எடிட்டர் ஏற்கெனவே கையில் இருந்தது. (செய்திகளில் வரும் ஈடி இல்லை!) செட்டிங்ஸை எழுத்துக் கோப்பில் வைத்துவிட்டால் அதைத் திருத்தத் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டாம். 24 கிலோபைட்டில் வாழ்கிறவர்களுக்கு அது பெரிய மிச்சம்.

1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே எட்சிக்குள் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்புக்கு ஒரு பக்கம் உண்டு. (கோப்பின் பெயரில் ஓ, ஆர் இரண்டு எழுத்தையும் விழுங்கியிருப்பார்கள். அன்றைய டெலிடைப் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். இரண்டு எழுத்து என்றால் இரண்டு எழுத்துதான்.) ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், கடவுச்சொல், ஒரு எண், அவருடைய டைரக்டரி, அவர் நுழைந்ததும் ஓட வேண்டிய புரோகிராம். நடுவில் ஒவ்வொரு முக்காற்புள்ளி. வருகைப் பதிவேடு எழுதியவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

பின்னால் அந்த வரியில் 'ஜீகாஸ்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெரிய கணினி ஒன்று இருந்தது. பிரிண்ட் எடுக்கவும் பெரிய வேலைகளை ஓட்டவும் யூனிக்ஸ்காரர்கள் அதற்கு அனுப்புவார்கள். அனுப்பும்போது அந்தக் கணினி கேட்கும் அடையாள விவரத்தை எங்கே எழுதி வைப்பது? இருக்கவே இருக்கிறது பாஸ்வேர்ட் கோப்பு, நடுவில் ஒரு கட்டம் போட்டுக்கொள் என்று போட்டார்கள். அது அழகான ஏற்பாடு இல்லை என்று ரிச்சியே பின்னாளில் சொன்னார். ஜெனரல் எலெக்ட்ரிக் கணினித் தொழிலை விட்டே போய்விட்டது. கட்டம் மட்டும் போகவில்லை. இன்று நீங்கள் புதிதாக உபுண்டு நிறுவும்போது உங்கள் முழுப்பெயரைக் கேட்கிறதே, அந்தப் பெயர் போய் உட்காரும் இடம் அந்தக் கட்டம்தான்.

லேபில் லினக்ஸ் வந்த புதிதில் பிள்ளைகளிடம் இந்தக் கோப்பைத் திறக்கச் சொல்வேன். பாஸ்வேர்ட் கோப்பு என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "சார், இதுல பாஸ்வேர்டே இல்லையே, எல்லார்க்கும் எக்ஸ்னு இருக்கு" என்றான். நல்ல கேள்வி. அந்த எக்ஸுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முதலில் அந்த இடத்தில் கடவுச்சொல் அப்படியே, பச்சையாக இருந்தது. அதில் என்ன ஆபத்து என்பதற்கு யூனிக்ஸுக்கும் முந்திய சம்பவம் ஒன்றை ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பு. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரம் இன்னொருவர், உள்ளே வரும் எல்லோருக்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். எடிட்டர் இருவருக்குமான தற்காலிகக் கோப்புகளை மாற்றிப் போட்டுவிட்டது. அன்று உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் வணக்கத்துக்குப் பதிலாக ஊரார் கடவுச்சொல்லெல்லாம் அச்சாகி வந்தது.

எனவே கடவுச்சொல்லைப் பச்சையாக வைக்காமல், திரும்ப அவிழ்க்க முடியாதபடி உருமாற்றி வைத்தார்கள். அதில் கலக்க ஒரு சிட்டிகை 'உப்பு' வேறு. உண்மையாகவே அதற்கு அதுதான் பெயர். ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் உருமாறிய வடிவம் வேறுவேறாக இருப்பதற்காக 4096 விதமான உப்பு. இவ்வளவு செய்த தைரியத்தில் கோப்பை எல்லோரும் படிக்கலாம் என்று திறந்தே வைத்தார்கள். திறந்து வைக்கவும் வேண்டியிருந்தது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.' கட்டளை, இந்தக் கோப்பு யாருடையது என்று காட்ட வேண்டும் என்றால் எண்ணைப் பெயராக மாற்ற வேண்டும். அதற்கு இந்தக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் ஒரு புழு ஓடியது. ஆயிரக்கணக்கான யூனிக்ஸ் கணினிகள் மூச்சுத் திணறின. அது எப்படிப் பரவியது என்று பிரித்துப் பார்த்தபோது, செட்டிங்ஸ் கோப்புகளை அது எவ்வளவு நன்றாகப் படித்திருந்தது என்று தெரிந்தது. எந்தெந்தக் கணினியை நம்பலாம் என்று எழுதி வைத்திருந்த கோப்பைப் படித்து அடுத்து எங்கே போகலாம் என்று தெரிந்துகொண்டது. மின்னஞ்சலை வேறிடத்துக்குத் திருப்பிவிட எழுதி வைத்த கோப்புகளையும் அதே நோக்கத்தோடு படித்தது. பாஸ்வேர்ட் கோப்பைத் திறந்து ஒவ்வொரு ஆளின் கடவுச்சொல்லையும் ஊகித்துப் பார்த்தது. முதலில் பயனர் பெயர், அதைத் திருப்பிப் போட்டது. அடுத்து ஜீகாஸ் கட்டத்தில் இருந்த சொந்தப் பெயர். யாரோ பிரிண்ட் எடுப்பதற்காக வைத்த கட்டம், பதினைந்து வருடம் கழித்துத் திருடனுக்குச் சாவி எடுத்துக் கொடுத்தது. அதற்கும் மசியாவிட்டால் தன்னோடு கொண்டுவந்த 432 சொற்கள், கடைசியாகக் கணினியில் இருந்த அகராதி.

புழுவை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர், பெயர் ராபர்ட் டப்பன் மாரிஸ். மேலே 1979 கட்டுரை எழுதினார் என்று சொன்னேனே ராபர்ட் மாரிஸ், அவருடைய மகன். மக்கள் சுலபமான கடவுச்சொற்களைத்தான் வைக்கிறார்கள், ஊகித்தே பலதைப் பிடித்துவிடலாம் என்பது அப்பாவின் கட்டுரையிலேயே இருக்கிறது.

பாஸ்வேர்ட் கோப்பை இரண்டாகப் பிரிக்கும் யோசனை அப்போதே சில நிறுவனங்களிடம் இருந்தது. புழுவுக்குப் பிறகு வேறு வழியில்லை. பெயரும் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் கோப்பிலேயே இருக்கட்டும், உருமாற்றிய கடவுச்சொல் மட்டும் நிர்வாகி தவிர யாரும் படிக்க முடியாத 'ஷேடோ' என்ற இன்னொரு கோப்புக்குப் போகட்டும் என்று ஆனது. பழைய இடத்தில் ஒரு எக்ஸ். என் மாணவன் பார்த்தது அதைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யூனிக்ஸில் அனுமதி என்பது கோப்புக்குத்தான் உண்டு, வரிக்குக் கிடையாது. இந்த வரியை நீ படிக்கலாம், அந்தக் கட்டத்தைப் படிக்கக்கூடாது என்று சொல்ல வழியில்லை. படிக்கிறவர்கள் இரண்டு வகை என்றால் கோப்பும் இரண்டாக வேண்டும். செட்டிங்ஸை ஒரே கோப்பில் வைப்பதா, பல கோப்பாக்கி ஒரு டைரக்டரியில் வைப்பதா என்று ஐம்பது வருடமாக நடக்கும் வழக்கில் பெரும்பாலும் கேள்வி தொழில்நுட்பம் அல்ல. எத்தனை கை அதைத் தொடப் போகிறது என்பதுதான். ஒரு கை என்றால் ஒரு கோப்பு போதும்.

வீட்டு டைரக்டரியில் புள்ளி வைத்து ஆரம்பிக்கும் பெயருள்ள கோப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமே, அது ஒரு விபத்து. எந்த டைரக்டரியிலும் 'இந்த டைரக்டரி' என்பதற்கு ஒரு புள்ளியும், 'மேலே உள்ள டைரக்டரி' என்பதற்கு இரண்டு புள்ளியும் பெயராக இருக்கும். பட்டியலில் இந்த இரண்டும் வந்து எரிச்சல் கொடுத்ததால் கென்னோ டென்னிஸோ எல்.எஸ். கட்டளையில் ஒரு சோதனை சேர்த்தார்கள். பெயர் புள்ளிதானா என்று முழுமையாகப் பார்க்காமல், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது அந்தச் சோதனை. அவ்வளவுதான், புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயரும் மறைந்தது. மறைவிடம் கிடைத்ததும் ஒவ்வொரு புரோகிராமும் தன் செட்டிங்ஸ் கோப்பைக் கொண்டுவந்து அதில் ஒளித்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் அவர்களோடு வேலை செய்த ராப் பைக் 2012இல் இதை எழுதும்போது, குறுக்கு வழியின் விலை என்று கோபமாகவே எழுதினார். இந்தக் கூட்டத்தை 'கான்ஃபிக்' என்ற ஒரே டைரக்டரிக்குள் ஒழுங்காக அடுக்கலாம் என்று 2003 வாக்கில் ஒரு பொது விதி வந்தது. பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேரின் கோப்புகள் இன்னும் திண்ணையிலேயே படுத்திருக்கின்றன.

அந்தப் பெயர்களின் வாலில் வரும் 'ஆர்சி' என்ற எழுத்துகளும் பழசுதான். பாஷ்-ஆர்சி, விம்-ஆர்சி என்று பார்த்திருப்பீர்கள். அதே சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் லூயி பூசேன் என்ற பிரெஞ்சுக்காரர், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வரிசையாக ஓட்ட 'ரன்காம்' என்று ஒன்று செய்தார். அதன் சுருக்கம்.

இனி டைரக்டரி கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெர்மினல்களுடையது. 1970களில் ஒவ்வொரு கம்பெனியின் டெர்மினலும் ஒவ்வொரு விதம். திரையைத் துடைக்க ஒன்றுக்கு ஒரு குறியீடு, இன்னொன்றுக்கு வேறு. பெர்க்லியில் 'விஐ' எடிட்டர் எழுதிய பில் ஜாய், ஒவ்வொரு டெர்மினலின் குணத்தையும் எழுதி 'டெர்ம்கேப்' என்று எட்சிக்குள் ஒரே கோப்பாக வைத்தார். ஊரில் புதிய டெர்மினல் வர வர கோப்பு நீண்டது. விஐ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். தொகுதி முழுவதுக்கும் ஒரே வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து உன் பெயரைத் தேடு என்றால் எப்படியிருக்கும்? எனவே நிர்வாகிகள் தங்கள் ஊரில் அதிகம் உள்ள டெர்மினலை வெட்டி எடுத்துக் கோப்பின் தலைப்பில் ஒட்டினார்கள். வரிசையை மாற்றித் தர ஒரு ஸ்கிரிப்ட்கூட இருந்தது.

1980களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்துக்கு வந்த மேரி ஆன் ஹார்ட்டன் இதற்கு மாற்றாக 'டெர்ம்இன்ஃபோ' எழுதினார். டெர்மினலுக்கு ஒரு கோப்பு. எல்லாவற்றையும் ஒரே டைரக்டரியில் கொட்டினால் அதைத் தேடவும் நேரமாகும் என்று, முதல் எழுத்துக்கு ஒரு டைரக்டரி. விடி100 என்றால் 'வி' டைரக்டரிக்குள் போனால் போதும். தேடும் வேலையைப் புரோகிராமிடமிருந்து வாங்கிக் கோப்பு முறையிடமே கொடுத்துவிட்டார். உங்கள் லினக்ஸில் இன்றும் அந்த ஒற்றை எழுத்து டைரக்டரிகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஒரு நஷ்டமும் உண்டு. வேகத்துக்காக அந்தக் கோப்புகளை இயந்திர வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். திறந்தால் நம் கண்ணுக்குப் புரியாது, படிக்கத் தனிக் கட்டளை வேண்டும். வேகமான இயந்திரங்கள் வந்த பிறகு அந்த லாபம் போய்விட்டது, நஷ்டம் மட்டும் நிற்கிறது என்பது என் எண்ணம்.

தமிழுக்கும் இப்படி ஒரு ஏற்பாடுதான். கிழமைப் பெயர், மாதப் பெயர், பணக்குறி, தேதியை எழுதும் முறை இதெல்லாம் லினக்ஸில் மொழிக்கும் நாட்டுக்கும் சேர்த்து ஒரு கோப்பாக இருக்கிறது. இந்தியத் தமிழுக்கு ஒரு கோப்பு, இலங்கைத் தமிழுக்கு ஒரு கோப்பு. மொழி ஒன்று, ரூபாய் வேறு. எந்தக் கோப்பு வேண்டும் என்று எட்சிக்குள் ஒரே ஒரு வரி சொல்கிறது.

மின்னஞ்சல் கதை இன்னும் சுவாரசியம். பெர்க்லியில் எரிக் ஆல்மன் 1979 வாக்கில் எழுதிய முதல் அஞ்சல் புரோகிராமில் செட்டிங்ஸ் புரோகிராமுக்குள்ளேயே இருந்தது. ஒரு மாற்றம் என்றால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஊருக்கு ஊர் வலையமைப்பு வேறாக இருந்ததால் இது கட்டுப்படியாகவில்லை. அடுத்து எழுதிய 'சென்ட்மெயில்' புரோகிராமில் எல்லாவற்றையும் வெளியே ஒரு கோப்புக்குக் கொண்டுவந்தார். சரியான முடிவு. ஆனால் அந்தக் கோப்பு ஒரு தனி மொழியாகவே வளர்ந்துவிட்டது. டாலரும் ஆச்சரியக்குறியும் சதவீதக் குறியுமாக ஒரு பக்கத்தைப் பார்த்தால் பூனை விசைப்பலகை மேல் நடந்ததுபோல இருக்கும். அதை விளக்க வந்த புத்தகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித ஆசாமி 1990களின் நடுவில் 'க்யூமெயில்' எழுதினார். அவருடைய வாதம் இது. எழுத்தைப் படித்துப் பதம் பிரித்துப் பொருள் கொள்ளும் வேலையில்தான் புரோகிராம்கள் தவறு செய்கின்றன. தவறு இருக்கும் இடத்தில் திருடன் நுழைகிறான். எனவே பதம் பிரிக்கவே தேவையில்லாதபடி எழுது. அவர் என்ன செய்தார் தெரியுமா? செட்டிங்ஸுக்கு ஒரு கோப்பு வைக்கவில்லை, ஒரு டைரக்டரி வைத்தார். 'கன்ட்ரோல்' என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு குட்டிக் கோப்பு. 'மீ' என்று ஒரு கோப்பு, திறந்தால் அந்தக் கணினியின் பெயர் மட்டும் இருக்கும். கோப்பின் பெயர்தான் கேள்வி, உள்ளே இருப்பது விடை. முக்காற்புள்ளி இல்லை, அடைப்புக்குறி இல்லை, தப்பாகப் படிக்க ஒன்றுமே இல்லை.

முதலில் எனக்கு இது அளவுக்கு மீறிய எளிமையாகத்தான் தோன்றியது. ஆனால் யோசித்தால், கோப்பு முறை சும்மா கொடுக்கும் வசதிகளெல்லாம் இதில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் கிடைத்துவிடுகிறது. இதை யார் மாற்றலாம் என்று தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம். எப்போது மாற்றினார்கள் என்று தேதி பார்க்கலாம். ஒரு செட்டிங் வேண்டாம் என்றால் கோப்பை அழித்துவிடலாம். பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் தருகிறேன் என்று 1997இல் பந்தயமே கட்டினார் பெர்ன்ஸ்டைன். ஆள் கொஞ்சம் கறார் பேர்வழி, அவரோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய. லினக்ஸின் கருவே இப்போது வன்பொருள் விவரங்களை இப்படித்தான் 'சிஸ்' என்ற டைரக்டரியில் காட்டுகிறது. ஒரு கோப்பு, ஒரு மதிப்பு.

கணினி எழுந்திருக்கும்போது எதையெல்லாம் ஓட்ட வேண்டும் என்பதற்கும் இந்த இரண்டு வழி உண்டு. பெர்க்லிக்காரர்கள் எட்சிக்குள் 'ஆர்சி' என்று ஒரே நீளக் கோப்பு வைத்தார்கள். ஏ.டி. அண்ட் டி.யின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் அது டைரக்டரியாகி, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கோப்பு ஆனது. பெயரின் முதலெழுத்து எஸ் என்றால் ஓட்டு, கே என்றால் நிறுத்து. அடுத்து ஒரு எண், அதுதான் வரிசை. எஸ்10, எஸ்20 என்று இடைவெளி விட்டு எண் போடுவார்கள், நடுவில் யாராவது வந்தால் இடம் வேண்டுமே. பழைய பேசிக் மொழியில் 10, 20, 30 என்று வரி எண் போட்டவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும்.

இந்த முறை ஏன் வென்றது என்பதற்கு விடை மென்பொருள் தொகுப்புகளில் இருக்கிறது. 1993இல் இயன் மர்டாக் டெபியன் தொடங்கினார். உலகெங்கும் இருந்து தன்னார்வலர்கள் ஆளுக்கொரு தொகுப்பைச் செய்து அனுப்புகிறார்கள். இரண்டு தொகுப்புகள் ஒரே செட்டிங்ஸ் கோப்பில் வரி சேர்க்க வேண்டும் என்றால் சண்டைதான். நிர்வாகி தன் கையால் நாலு வரி திருத்தி வைத்திருப்பார். புதிய பதிப்பு வரும்போது அவருடைய திருத்தம் நிற்க வேண்டுமா, புதிய கோப்பு வர வேண்டுமா? டெபியன் அந்த இடத்தில் நிறுத்தி உங்களைக் கேட்கும். கேட்பது நல்ல பழக்கம்தான், ஆனால் நூறு கணினி இருந்தால் நூறு தடவை கேட்கும். அதற்குத்தான் பெயரின் கடைசியில் 'புள்ளி டி' போட்ட டைரக்டரிகள் வந்தன. எட்சிக்குள் போனால் கிரான்-டி, சோர்சஸ்-லிஸ்ட்-டி என்று வரிசையாகப் பார்க்கலாம். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ ஒரு கோப்பில் எழுதி உள்ளே போட்டுவிட்டுப் போகலாம். தொகுப்பை முழுவதுமாக நீக்கும்போது தன் கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு போகும். அடுத்தவர் எழுத்தில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸும் முதலில் எழுத்துக் கோப்புகளில்தான் செட்டிங்ஸ் வைத்தது. அந்தக் கோப்புகள் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது, தேட மெதுவாக இருக்கும், ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு இடத்தில் போடும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுபோனார்கள். ஐ.பி.எம். தன் ஏ.ஐ.எக்ஸ். யூனிக்ஸில் அதற்கு முன்பே இப்படி ஒரு தரவுத்தளம் வைத்திருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனி 'நெட்இன்ஃபோ' வைத்தது. காரணங்கள் நியாயமானவை. எட்சிக்குள் ஒரு கோப்பில் முக்காற்புள்ளி, இன்னொன்றில் டேப், மூன்றாவதில் அரைப்புள்ளி என்று ஆளுக்கொரு இலக்கணம். ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவர் எழுத்து காணாமல் போகும். பாஸ்வேர்ட் கோப்பைப் பூட்டிவைத்துத் திருத்துவதற்கென்றே ஒரு தனி எடிட்டர் கட்டளை செய்ய வேண்டிவந்தது. ஒழுங்கு வேண்டும் என்றால் தரவுத்தளம் நல்ல யோசனைதான்.

ஆனாலும் நான் எழுத்துக் கோப்பு பக்கம்தான். என் காரணம் ஒரு தொலைபேசி உரையாடல். 2007, 2008 வாக்கில் லினக்ஸ் கருவில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை 'ஹெச்.டி.ஏ.' என்று அழைக்கப்பட்ட வட்டுகள் 'எஸ்.டி.ஏ.' ஆகின. எங்கள் லேபில் ஒரு கணினியைப் புதுப்பித்துக் கொடுத்த நிறுவனம் எட்சிக்குள் வட்டுப் பட்டியல் கோப்பில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. மறுநாள் செய்முறைத் தேர்வு. நான் வேறு ஊரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். கணினி எழுந்திருக்காமல் கறுப்புத் திரையில் நிற்கிறது என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை போனிலிருந்து கூப்பிட்டாள். "என்ன எழுதியிருக்கு, அப்படியே வாசிம்மா" என்றேன். வாசித்தாள். கோப்பைத் திறக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதுவதற்கு அனுமதி வாங்கும் கட்டளையையும் சொன்னேன். "ஹெச்னு இருக்கிற இடமெல்லாம் எஸ் போடு, வேற எதையும் தொடாதே." போட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவள் இன்றும் சிரிப்பாள். பத்து நிமிடத்தில் கணினி எழுந்தது. அந்த விவரம் ஒரு தரவுத்தளத்துக்குள் இயந்திர வடிவத்தில் இருந்திருந்தால் எதை வாசிக்கச் சொல்லியிருப்பேன்? தொலைபேசியில் சொல்லக்கூடிய செட்டிங்ஸ் எழுத்துக் கோப்பு ஒன்றுதான்.

இன்றைய லினக்ஸில் எட்சி மெல்ல மெலிந்து வருகிறது. தயாரித்தவர்கள் தரும் செட்டிங்ஸ் வேறு டைரக்டரியில் இருக்கும், நீங்கள் மாற்ற விரும்புவதை மட்டும் எட்சியில் எழுதுங்கள், இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம் என்பது இப்போதைய போக்கு. எனக்கு இது பிடித்திருக்கிறது. எட்சியைத் திறந்தால் நம் கையெழுத்து மட்டும் தெரியும். சிலர் எட்சி முழுவதையும் 'கிட்'டுக்குள் வைத்து, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கிறார்கள். அதற்கு ஜோயி ஹெஸ் எழுதிய 'எட்சிகீப்பர்' என்று ஒரு கருவி உண்டு. எழுத்துக் கோப்பாக இருப்பதால்தான் அது முடிகிறது.

நெக்ஸ்டின் நெட்இன்ஃபோ என்ன ஆனது என்று சொல்லவில்லையே. நெக்ஸ்ட்டை ஆப்பிள் வாங்கியதும் அது மேக் கணினிக்குள் வந்தது. 2007இல் வந்த லெப்பர்ட் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது 'ஓப்பன் டைரக்டரி' என்ற வேறொரு ஏற்பாடு. பெயர், கடவுச்சொல் எல்லாம் அதனிடம்தான். ஆனால் மேக் வைத்திருப்பவர்கள் எட்சிக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்ட் கோப்பு இன்னும் இருக்கிறது, முக்காற்புள்ளிகளோடு. அதன் தலைப்பில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண நேரத்தில் இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை, இயந்திரம் ஒற்றை ஆள் நிலையில், அதாவது ஏதாவது கெட்டுப்போய் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பழுது பார்க்கும் நிலையில் ஓடும்போது மட்டும் நேரடியாக இதைப் படிக்கிறோம் என்று.